கையேட்டின் ஒழுங்கும் நூல் மரபும்

கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தில் சிடாம் கிரி என்றோர் ஊர் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருவார் ஒருவர் அப்பெயரைக் கேட்பின், ‘கிரி’ என்பதை மலை என்றே கொள்வர். வடமேற்கு வானில் ஜெராய் மலை ஓங்கி நிற்பதைக் கண்டபின் அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். ஆனால் மலாய் மொழியில் ‘கிரி’ என்பது இடப்பக்கம். அதற்கு இணையாகக் குலிம் மாவட்டத்தில் சிடாம் கானான், அதாவது வலப்பக்கத்துச் சிடாம், இருக்கிறது. மலைக்கும் இப்பெயருக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை.

ஒலி ஒன்றே, பொருள் இரண்டு. பொருளை வரையறுப்பது ஒலியன்று. அவ்வொலி வழங்கும் மொழியும் இடமுமே ஆகும். பலபொருள் ஒருசொல்லை வகுப்பறையில் நாள்தோறும் விளக்கும் தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. இதே உண்மை கணினிக்கு இடப்படும் கட்டளைகளையும், அக்கட்டளைகளை விளக்கும் கையேட்டுப் பக்கங்களையும் ஆள்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது. அப்பக்கங்கள் காவியமல்ல, கதையுமல்ல. ஆயினும் ஒரு பொருளை எடுத்து, முறைப்படுத்தி, கற்பார்க்கு உணர்த்துதலின் அவையும் நூலே. நூலெனின் நூலுக்குரிய இலக்கணத்தால் அவற்றை அளந்து பார்த்தல் முறையாகும்.

ஏவலும் தெரிவும்

கணினியை இயக்கும் முறை இருவகைப்படும். திரையிலுள்ள படங்களைத் தொட்டு இயக்குவது ஒன்று; எழுத்தால் ஏவுவது மற்றொன்று. யூனிக்சு, லினக்சு முதலிய இயங்குதளங்களில் இரண்டாவது முறை இன்றும் உயிருடன் விளங்குகிறது. ‘எல்எஸ்’ என எழுதினால் கணினி கோப்புகளைப் பட்டியலிடும். ‘சிபி’ என எழுதினால் படியெடுக்கும். ‘ஆர்எம்’ என எழுதினால் அழிக்கும். மீண்டும் கேட்காமலே அழிக்கும்.

இக்கட்டளையின் அமைப்பு இலக்கணம் கற்றார்க்கு எளிதில் விளங்கும். முதலில் நிற்பது ஏவல் வினை. நன்னூலார் 23 வாய்பாடுகளாகத் தொகுத்த வினைப்பகுதிகள் விகுதி ஏதுமின்றியே ஏவலாகி நிற்பது போல, இங்கும் ஒரு குறுஞ்சொல் தனித்து நின்றே ஏவுகிறது. அதன்பின் சிறுகோட்டுடன் வரும் எழுத்து ‘தெரிவு’ எனப்படும். அது அவ்வினை நிகழும் முறையைக் காட்டுவதால் வினையடை எனத் தகும். இறுதியில் வருவது செயப்படுபொருள், பெரும்பாலும் ஒரு கோப்பின் பெயர். எழுவாய் எங்கே எனின், எல்லா ஏவலிலும் போலவே முன்னிலையில் நிற்பவன் மறைந்து நிற்கிறான். இங்கே அம்முன்னிலை கணினியாகும்.

கெடாவில் 1996-இல் திறக்கப்பெற்ற குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவைச் சூழ்ந்து மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. பால்மரத் தோட்டங்களில் பிறந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பொறியாளராகவும் தொழில்நுட்பராகவும் மாணவராகவும் கட்டளைவரியின் முன் அமர்கின்றனர். ஆதலின் கையேட்டைப் பற்றிய ஆராய்ச்சி எங்கோ ஒரு வெளிநாட்டு ஆய்வகத்துச் செய்தியன்று; சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் சிடாம் கிரிக்கும் உரிய செய்தியே ஆகும்.

கையேடு பிறந்த முறை

யூனிக்சு இயங்குதளம் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் உருவாயிற்று. அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்தது. ஆக்கியோர் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர். அத்தளத்தை ஆக்கியவர்களும் அவர்களே. கையேடு வேண்டும் என வற்புறுத்தியவர் அவர்களின் துறைத் தலைவர் டக்ளஸ் மெக்கில்ராய். பின்வந்த பதிப்புகளைச் செப்பம் செய்தவரும் அவரே.

அம்முதற் பதிப்பிலேயே ஓர் ஒழுங்கு அமைந்துவிட்டது. நூல் ஏழு பகுதிகளாகப் பகுக்கப்பட்டது. பிற்காலத்தில் அது எட்டாயிற்று. கட்டளைகள் முதற்பகுதியிலும், கோப்புகளின் அமைப்பு ஐந்தாம் பகுதியிலும் இடம்பெற்றன. ஒவ்வொரு பக்கமும் பெயர், சுருக்கவடிவம், விளக்கம், கோப்புகள், மேலும் காண்க, குறைகள் என்னும் தலைப்புகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் பெற்றது. ஒவ்வொன்றின் தலையிலும் நாள் குறிக்கப்பட்டது. ஒரு பக்கம் பழையதானால் அதனை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். முழு நூலையும் மீண்டும் அச்சிட வேண்டுவதில்லை.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்து யூனிக்சின் வளர்ச்சிப் படிகளை இன்று வரலாற்றார் முதற்பதிப்பு, ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு என்றே வழங்குகின்றனர். இவை கருவியின் எண்கள் அல்ல, கையேட்டின் பதிப்பெண்கள். 1975-இல் வந்த ஆறாம் பதிப்பும் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பும் இவ்வாறே பெயர் பெற்றன. நூலின் பெயரால் பொருள் பெயர் பெற்றதென்றால், ஆக்கியோர் அந்நூலுக்குத் தந்த மதிப்பு புலனாகும்.

‘குறைகள்’ என்னும் தலைப்பு தனியே பாராட்டத்தக்கது. தம் கருவி எங்கே தவறும் என்பதை ஆக்கியோரே தம் நூலில் எழுதிவைத்தனர். ஒரு குறையை விளக்கி எழுத முற்படுங்கால் நாணம் மேலிட்டு, எழுதுவதை விடுத்துக் கருவியையே திருத்திய நிகழ்ச்சிகள் உண்டு என்பதை மெக்கில்ராய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். உரை நூலைத் திருத்துவது மரபு. இங்கே உரை பொருளையே திருத்தியது.

பாயிரமும் பக்கமும்

13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு இலக்கணங்கள் வகுத்தார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. ஒரு நூலைக் கையில் எடுப்பவன் அதனுள் நுழையுமுன் அறியவேண்டுவன இவை என்பது அவர் துணிபு.

இன்றைய கையேட்டுப் பக்கத்தை இவ்வெட்டோடும் ஒட்டிப் பார்த்தால் பொருத்தம் தெளிவாகும். ‘பெயர்’ என்னும் தலைப்பில் கருவியின் பெயரும், அதன் பயனைக் கூறும் ஒருவரி விளக்கமும் உள்ளன. நூற்பெயரும் பயனும் ஒருங்கே வந்தன. ‘விளக்கம்’ நுதலிய பொருள். ‘ஆக்கியோர்’ வெளிப்படை. ‘வரலாறு’ என்பது இக்கருவி எதன் வழியில் வந்தது எனக் கூறுவதால் வழியாகும். ‘தரநெறி’ என்பது எத்தளங்களில் இது இவ்வாறே வழங்கும் எனக் கூறுவதால் எல்லையாகும். யாப்பு என்பதற்கு ‘இந்நூலுக்குப் பின் இந்நூல் கேட்கத்தகும்’ என்னும் இயைபைப் பொருளாகக் கொள்ளும் உரைப்படி, ‘மேலும் காண்க’ என்பது யாப்பாகும்.

கேட்போர் யாண்டு உள்ளனர் எனின், பகுதி எண்ணில் உள்ளனர். முதற்பகுதி பொதுப் பயனர்க்கு. இரண்டும் மூன்றும் நிரல் எழுதுவார்க்கு. எட்டாவது கணினியைப் பேணும் நிருவாகிக்கு. ‘பாஸ்வேட்’ என்னும் பெயரில் முதற்பகுதியில் ஒரு பக்கமும் ஐந்தாம் பகுதியில் ஒரு பக்கமும் உண்டு. முன்னது கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை. பின்னது பயனர் கணக்குகளின் விவரம் அடங்கிய கோப்பு. சிடாம் என்னும் ஊர்ப்பெயரைக் கிரியும் கானானும் பிரித்தாற் போல, இப்பெயரைப் பகுதி எண் பிரித்துக் காட்டுகிறது.

சுருக்கவடிவத்தை நூற்பாவுக்கு நிகராகக் கொள்ளலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது வேண்டின் வரும், வேண்டாவிடின் ஒழியும். புள்ளி மூன்று இருப்பின் அது பலமுறை வரலாம். நேர்கோடு இருப்பின் இரண்டில் ஒன்றே வரும். இத்தகைய குறியீட்டு மொழி தோட்டத்துக்குப் புதிதன்று. பால்மரம் சீவும் முறையைக் குறிக்க ரப்பர் ஆராய்ச்சியாளர் வழங்கும் குறியீட்டில் ‘எஸ்/2 டி/2’ என்றால், மரத்தின் சுற்றளவில் பாதி அளவுக்குச் சுருளாகச் சீவுக, இரு நாளைக்கு ஒருமுறை சீவுக என்பது பொருள். எஸ் சுருளையும் டி நாளையும் குறிக்கும். ஒரே வரியில் ஒரு முழு வேலைமுறையும் அடங்கிவிட்டது. ஆனால் எல்லாரும் அவ்வெழுத்துகளை ஒரே பொருளில் ஆண்டால்தான் அது குறியீடு. ஒரு தோட்டத்தில் டி என்பது நாளையும் மற்றொன்றில் வேறொன்றையும் குறிக்குமானால், பாழாவது மரமே.

ஓரெழுத்து, பல பொருள்

கட்டளைவரிக் கருவிகளின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. அவை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல கைகளால் ஆக்கப்பட்டவை. ஆகவே தெரிவு எழுத்துகள் ஒரு பொருளில் நிலைக்கவில்லை.

‘ஆர்’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்க. ‘ஆர்எம்’ கட்டளையில் சிறிய ஆர், ஓர் அடைவையும் அதனுள் அடங்கிய அனைத்தையும் அழிப்பதைக் குறிக்கும். ‘எல்எஸ்’ கட்டளையில் அதே சிறிய ஆர் வரிசையைத் தலைகீழாக்குவதை மட்டுமே குறிக்கும். உள்ளடைவுகளுள் செல்வதற்கு அங்கே பெரிய ஆர் வேண்டும். ‘வி’ என்னும் எழுத்து பல கருவிகளில் ‘செய்வதை விரித்துக் கூறு’ எனப் பொருள்படும். ‘கிரெப்’ என்னும் தேடற்கருவியில் அதுவே ‘பொருந்தாத வரிகளை மட்டும் காட்டு’ என எதிர்மறையாகும். ‘ஐ’ என்பது ‘ஆர்எம்’ கட்டளையில் ‘கேட்டுச் செய்’. ‘கிரெப்’ கட்டளையில் ‘பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கருதாதே’. ‘செட்’ கட்டளையில் ‘மூலக் கோப்பிலேயே திருத்து’. காப்பாகக் கற்ற எழுத்து மற்றோரிடத்தில் கோப்பையே மாற்றிவிடுகிறது.

‘எஸ்எஸ்எச்’, ‘எஸ்சிபி’ என்பன ஒரே குடும்பத்துக் கருவிகள். ஒரே தொகுப்பில் வருபவை. முன்னதில் வாயில் எண்ணைக் குறிப்பது சிறிய பி. பின்னதில் பெரிய பி. உடன்பிறந்தாரே ஒத்துப் பேசவில்லை எனின், அயலார் ஒத்துப் பேசுவர் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

பழக்கத்தில் நிலைத்துவிட்ட கருவியை இனி மாற்ற இயலாது. ‘ஆர்’ எழுத்தை இன்று ஒரு பொருளில் நிறுத்தினால், அதனை நம்பி உலகெங்கும் எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்கள் முறிந்துபோகும். எனவே ஒழுங்கின்மை நிறைந்த கருவிகளுக்கு ஒழுங்குள்ள கையேடு ஒன்றே மருந்தாக எஞ்சுகிறது. கருவி மயக்குமிடத்தில் கையேடு தெளிவிக்க வேண்டும். கருவியும் மயக்கி, கையேடும் மயக்குமாயின் கற்பான் செய்வதறியான். மொழியில் விதிவிலக்குகள் மிகுந்த இடத்தில்தான் இலக்கணநூல் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழாசிரியர் அறிவர்.

பத்துக் குற்றமும் ஒன்றையொன்று பெறுதலும்

நூற்குற்றம் பத்தென்பர் பவணந்தியார். அவற்றுட் பல இக்கையேடுகளில் காணக் கிடைக்கின்றன. பட்டியலாகத் தெரிவுகளை அடுக்கி, ஒன்றோடொன்று சேரின் என்ன நிகழும் என்பதைச் சொல்லாதுவிடும் பக்கங்கள் குன்றக் கூறுகின்றன. பல ஆயிரம் வரிகளில் விரியும் ‘பாஷ்’ பக்கத்தில் முழுமை உண்டு. ஆனால் வேண்டியதைத் தேடுபவனுக்கு அது மிகைபடக் கூறலாகவே தோன்றும். ஒரு பொருளுக்கு இருவேறு சொற்களை ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி வழங்குவது மயங்க வைத்தல். எடுத்துக்காட்டு ஒன்றும் இல்லாத பக்கம் நின்று பயனின்மைக்கு அணித்தே நிற்கிறது.

இக்குற்றங்களைத் தனித்தனியே எண்ணிச் செல்வது எளிது. ஆனால் ஆழ்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும்: இவை ஒன்றையொன்று ஈன்று வளர்வன. கூறியது கூறலைச் சான்றாகக் கொள்வோமாயின், ஒரே விளக்கத்தைப் பத்துப் பக்கங்களில் எழுதுவது இன்று சிறிய குற்றமாகவே தோன்றும். படிப்பவர்க்கு அது வசதி என்றும் வாதிடலாம். ஆனால் கருவி மாறுகிறது. திருத்துவோர் ஏழு பக்கங்களைத் திருத்துகின்றனர். மூன்று கண்ணில் படுவதில்லை. அன்று கூறியது கூறல் மாறுகொளக் கூறலாக முதிர்ந்துவிடுகிறது. முரண்பட்ட இரு பக்கங்களைக் கண்டவன் இரண்டையுமே நம்ப மறுக்கிறான். பின் மூன்றாவதையும் திறந்து பார்ப்பதில்லை. அப்போது நூல் முழுவதுமே நின்று பயனற்றதாகிறது. சிறு சோம்பலில் தொடங்கியது நம்பிக்கை இழப்பில் முடிகிறது.

இதற்கு நம் உரையாசிரியர் கண்ட மருந்து மாட்டெறிதல். ஓரிடத்தில் விதியை முற்றக் கூறிப் பிறவிடங்களில் அதனைச் சுட்டிவிடுவது. ‘மேலும் காண்க’ என்னும் தலைப்பு அதன் பொருட்டே அமைந்தது. ஆயினும் மருந்தும் அளவறிந்து உண்ணத்தக்கது. குனு திட்டத்தார் தம் கருவிகளுக்கு ‘இன்ஃபோ’ என்னும் வேறு வடிவில் விரிநூல் எழுதுகின்றனர். கையேட்டுப் பக்கத்தையோ, கருவி தரும் சிறு உதவிக் குறிப்பிலிருந்து ‘ஹெல்ப்2மேன்’ என்னும் நிரலால் ஆக்கிக்கொள்கின்றனர். பக்கத்தின் இறுதியில் முழுவிளக்கம் வேண்டின் விரிநூலைக் காண்க என்னும் குறிப்பு நிற்கும். பசித்தவனுக்கு அடுத்த வீட்டில் சோறு உண்டு எனக் கூறி அனுப்புவது போன்றது இது. சோறு உண்டென்பது உண்மையே. ஆனால் வந்த வீட்டில் இலை போட்டிருக்கலாம்.

ஒழுங்கைக் காக்கும் வழிகள்

ஒழுங்கு ஒருமுறை அமைத்துவிட்டால் தானே நிலைப்பதன்று, நாள்தோறும் பேணத்தக்கது. பேணும் வழிகளாக இதுவரை மூன்று தோன்றியுள்ளன.

முதலாவது, ஒரே செம்மையாளரின் கண். பெல் ஆய்வகத்தில் மெக்கில்ராய் செய்தது இதுவே. ஒருவர் முழு நூலையும் படிக்குங்கால் நடை ஒன்றாகிறது. ஆனால் கருவிகள் சில நூறாக இருந்த காலத்துக்கே இது பொருந்தும்.

இரண்டாவது, இயந்திரத்தின் துணை. குனு வழியில் கருவியிலிருந்தே பக்கம் பிறப்பதால் தெரிவுப் பட்டியல் பிழைபடுவது அரிது. ஆனால் காரணமும் எடுத்துக்காட்டும் எச்சரிக்கையும் இயந்திரத்துக்குத் தெரியா. பெர்க்கிலி வழியினர் வேறொன்று செய்தனர். 1990-ஐ ஒட்டிச் சிந்தியா லிவிங்ஸ்டன் ‘எம்டாக்’ என்னும் குறிமுறையை வகுத்தார். பழைய முறையில் எழுதுபவர் ‘இதனைத் தடித்த எழுத்தில் காட்டு’, ‘இதனைச் சாய்த்துக் காட்டு’ என்றே குறிப்பர். புதிய முறையில் ‘இது தெரிவு’, ‘இது செயப்படுபொருள்’, ‘இது கோப்பின் பெயர்’ எனக் குறிப்பர். எவ்வெழுத்தில் காட்டுவது என்பதை இயந்திரம் முடிவு செய்யும். பழையது வடிவத்தைக் குறித்தது. புதியது இலக்கணத்தைக் குறித்தது. சொல்லை ஒலியால் வகுப்பதற்கும் தொழிலால் வகுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இம்மூன்றனுள் ‘எம்டாக்’ வழியே அறிவுக்கு மிக அணித்தானது எனலாம். ஓப்பன்பிஎஸ்டி தளத்தார் இதனைக் கண்டிப்புடன் பின்பற்றுவதால், அவர்தம் பக்கங்கள் சீர்மைக்குப் பெயர் பெற்றன.

மூன்றாவது, மரபை எழுதிவைத்தல். லினக்சுக் கையேட்டுத் திட்டத்தை 1990-களில் ரிக் ஃபெய்த் தொடங்க, ஆந்திரீஸ் பிரௌவர் தொடர்ந்தார். 2004 முதல் மைக்கேல் கெரிஸ்க் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேணினார். 2020 முதல் அலெஹாண்ட்ரோ கொலோமார் அப்பணியில் இணைந்தார். இத்திட்டத்தில் கையேட்டுப் பக்கம் எழுதுவது எப்படி என்பதற்கே ஒரு கையேட்டுப் பக்கம் உண்டு. தலைப்புகளின் வரிசை, எதனைத் தடித்து எழுதுவது, இரு சொல் வடிவங்களுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பன அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குக என்னும் விதியும் உண்டு. பின்வரும் திருத்தம் எவ்வாக்கியத்தில் நிகழ்ந்தது என்பது எளிதில் புலனாகும் என்பது காரணம்.

ஒழுங்கு வெறும் அழகுக்காக என எண்ணுவோர் ‘பெயர்’ என்னும் ஒரு தலைப்பை நோக்கினால் போதும். அதனடியில் கருவியின் பெயர், ஒரு சிறுகோடு, ஒருவரி விளக்கம் என்னும் அமைப்பு இருத்தல் வேண்டும். இவ்வொரு வரியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் திரட்டியே தேடற்பட்டியல் ஆக்கப்படுகிறது. அமைப்பு பிறழ்ந்த பக்கம் பட்டியலில் சேராது போகும். பக்கம் இருக்கும், தேடுவார்க்குக் கிடைக்காது. பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லி அழைக்கும்போது ஏட்டில் பெயர் பிழைபட்டவனுக்கு அன்றைய கூலி கேள்விக்குறியாவதை ஒத்தது இது.

உரையாசிரியரும் பேணுநரும்

இங்கே ஒரு தடை எழலாம். நன்னூல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. கையேட்டுப் பக்கமோ ஆறு திங்களில் பழையதாகிறது. இரண்டையும் ஒப்பிடுவது தகுமோ எனலாம்.

நன்னூல் நின்ற முறையை நோக்கின் தடை விலகும். அது தனியே நிற்கவில்லை. மயிலைநாதர் உரை செய்தார். பின்னர்ச் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை வகுத்தார். அவ்வுரையை 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் திருத்தி விரித்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் மாணவர்க்கெனக் காண்டிகையுரை எழுதி அச்சேற்றினார். ஒருவர் உரையை மற்றொருவர் திருத்தும்போது முன்னோர் பெயரை அழிக்கவில்லை. வேண்டுமிடத்து மறுக்கவும் தயங்கவில்லை. ஃபெய்த், பிரௌவர், கெரிஸ்க், கொலோமார் என வரும் நிரலும் இத்தன்மையதே. வேறுபாடு வேகத்தில் மட்டுமே. நூலைப் பேணுதல் ஆக்குதலின் குறைந்த தொழில் என எண்ணும் இக்காலத்தார் இவ்வுரை மரபை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மேலும், பழையன நீங்குவதையும் புதியன வருவதையும் குற்றமெனக் கொள்ளாது ஏற்கும் புறனடையை நன்னூலே தன் சொல்லதிகார இறுதியில் வைத்துள்ளது. தன் எல்லையைத் தானே கூறும் அப்புறனடையும், கையேட்டின் ‘குறைகள்’ என்னும் தலைப்பும் ஒரே மனப்பான்மையின் இரு வடிவங்கள். தன் குறையைக் கூறாத நூலை நம்புதல் அரிது.

தமிழில் எழுதுங்கால்

கோலாலம்பூரில் 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். எழுத்துருவிலும் விசைப்பலகையிலும் இந்நாட்டுத் தமிழர் முன்னின்றனர். அடுத்த படி, கருவிகளை விளக்கும் உரைநடை. அங்கே எழும் இடர்கள் எழுத்துருவைச் சார்ந்தன அல்ல, இலக்கணத்தைச் சார்ந்தன.

முதல் இடர் கலைச்சொல். கோப்புகள் அடங்கும் இடத்தை அடைவு என்பாரும், கோப்பகம் என்பாரும், கோப்புறை என்பாரும் உளர். தெரிவு, விருப்பம், தேர்வு என ஒன்றற்கே மூன்று பெயர் வழங்குகின்றன. எச்சொல் சிறந்தது என்னும் வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். ஒரு தொகுதிக்குள் ஒன்றே ஆளப்பட வேண்டும் என்பதில் வழக்குக்கு இடமில்லை. நல்ல சொற்கள் மூன்றைக் கலந்து வழங்குவதினும், நடுத்தரமான சொல் ஒன்றை நிலையாக வழங்குவது கற்பார்க்கு நலம் தரும்.

இரண்டாம் இடர் வினைமுற்று. கோப்பு நீக்கப்படக்கூடும் என எச்சரிக்கும் ஆங்கிலத் தொடரில் உள்ள ‘மே’ என்னும் துணைவினை, இசைவையும் குறிக்கும், நிகழக்கூடியதையும் குறிக்கும். மொழிபெயர்ப்போர் பலர் கண்ணை மூடிக்கொண்டு ‘லாம்’ எனப் போடுவர். ‘கோப்பை நீக்கலாம்’ என எழுதினால் அது இசைவு. ‘கோப்பு நீங்கிவிடக்கூடும்’ என எழுதினால் அது எச்சரிக்கை. மூலத்தில் எச்சரிக்கையாக இருந்தது மொழிபெயர்ப்பில் இசைவாக மாறினால், ஒருவனது ஓராண்டு உழைப்பு ஒரு வரியில் அழிந்துபோகும். ‘க’ என்னும் வியங்கோள் விதிக்கு, ‘லாம்’ இசைவுக்கு, ‘கூடும்’ நிகழ்ச்சிக்கு என முன்னரே வகுத்துக்கொண்டு எழுதினால் தமிழ்ப் பக்கம் மூலத்தினும் தெளிவாகும்.

மூன்றாவது வேற்றுமை. ‘சிபி’ கட்டளையில் மூலக் கோப்பு முன்னும் படி செல்லுமிடம் பின்னும் வரும்; இடத்தால் பொருள் அறியப்படும். ‘எல்என்’ கட்டளையில் சுட்டப்படும் கோப்பு முன்னும், அதனைச் சுட்டும் புதிய பெயர் பின்னும் வரும். ஆங்கிலப் பக்கம் முன்னதை ‘டார்கெட்’ என்கிறது. அதனை ‘இலக்கு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், படிப்பவன் அதுவே செயல் சென்றடையும் இடம் எனக் கருதி வரிசையை மாற்றிவிடுவான். ‘முன்னதனைச் சுட்டும் இணைப்பைப் பின்னதன் பெயரால் ஆக்கும்’ எனத் தமிழில் எழுதினால், இரண்டாம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் மயக்கத்துக்கு இடம் கொடா. தமிழுக்கு இயல்பாக உள்ள இவ்வாற்றலைப் பயன்கொள்ளாது, ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச்சொற்களைப் போர்த்துவது வீண்.

நான்காவது, காலம். மூலம் மாற, மொழிபெயர்ப்பு மாறாது நின்றால் அது பொய்யாகிறது. ‘பிஓ4ஏ’ என்னும் கருவி இதற்கு ஒரு வழி கண்டது. மூலத்தில் ஒரு பத்தி மாறிவிட்டால், புதிய பெயர்ப்பு வரும்வரை அவ்விடத்தில் மூலமொழியையே காட்டும். பெயர்த்த பகுதி எண்பது விழுக்காட்டுக்குக் குறைந்தால் இயல்பாக அப்பக்கத்தையே வெளியிடாது. இருமொழி கலந்த பக்கம் அழகன்று. ஆயினும் அழகிய பொய்யினும் அழகற்ற உண்மையே கையேட்டுக்கு உரியது.

இன்று கேள்வி கேட்டால் விடை கூறும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கையேடு எதற்கு என்பார் உளர். அவ்வியந்திரங்கள் கற்றதும் இத்தகைய பக்கங்களைப் படித்தே. ஊற்றில் கலங்கல் இருப்பின் வாய்க்காலில் தெளிவு எங்ஙனம் வரும்?

முடிபு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த தோட்டத் துரைமார்க்கெனத் தமிழ்க் கையேடுகள் அச்சிடப்பட்டன. அவற்றில் நிறைந்திருந்தவை ஏவல் வினைகளே. எவ்வாறு ஏவுவது என்பதை ஏவுவோர் கற்றுக்கொள்ள அந்நூல்கள் உதவின. ஏவப்பட்டவர்க்கு அத்தகைய நூல் எழுதப்படவில்லை. எழுதவேண்டும் என்னும் எண்ணமும் எழவில்லை.

காலம் மாறியது. அன்று பெரட்டில் நின்று ஏவலைக் கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கணினியை ஏவுகின்றனர். ஏவுகின்றவர்க்கு நூல் வேண்டும். அது பொய் கூறாததாகவும், ஒரு சொல்லை ஒரு பொருளில் நிறுத்துவதாகவும், தன் குறையைத் தானே ஒப்புவதாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய நூலை எழுதப் பொறியாளர் அறிவு மட்டும் போதாது. ‘நீக்கலாம்’ என்பதற்கும் ‘நீங்கிவிடக்கூடும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் தமிழாசிரியரின் அறிவும் அதற்கு வேண்டும். இருவரும் ஒரு மேசையில் அமரும் நாளில்தான் அப்பணி தொடங்கும்.